கடைசிச் சஹன்

பள்ளிவாசல்துறை
07.02.2011

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் மகளும் வீட்டாரும் சுகம். மதுரங்குளியில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆக் கேட்கிறேன்.

ரெண்டு பஸ் மாறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் புருஷனுக்கு இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். நான் என்ன செய்ய? நம்முடைய போன் உங்கள் சட்டைப் பையோடு மதுரங்குளிக்குப் போய்விட்டது. வாப்பாவின் போன் கடலில் விழுந்து எழும்பியதிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் வேலை செய்கிறது. போன சனிக்கிழமை, "என்ன சாப்பிட்டீங்க?" என்று நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்கள். நான் வாயைத் திறக்க முன்னமே விறாந்தையில் இருந்து வாப்பா, "சூடை மீன் ஆணம், மகன்!" என்று பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் என்ன கதைக்கிறது?

சுஹைர் நானாவின் மீன் லொறி கொழும்புக்குப் போகும் வழியில் மதுரங்குளிச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிற்கிறதுதானே. கூடப்பிறந்தவர் லொறிதானே, அதில் கொடுத்து விடுகிறேன். கடிதத்தில் மீன் மணம் அடித்தால் குறை நினைக்காதீங்க.

நம்முடைய அறை இப்போது நம்முடைய அறை இல்லை. உம்மா தன் தலையணையைக் கொண்டு வந்து கட்டிலில் உங்கள் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். படுத்த கையோடு குறட்டை. ஆனால் மகள் அழுதால் எனக்கு முன்னம் எழும்புவதும் அவர்தான், அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியும்வரை மாப்பிள்ளை தன் உம்மா வீட்டில் இருப்பது வழக்கம். வழக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பின்னேரமானால் மனம் தோணியடிக்குப் போய்விடுகிறது. என்ஜின் எண்ணெய்க் கையோடு நீங்கள் வருவீர்கள். கவிழ்த்துப் போட்ட தோணியில் ரெண்டு பேரும் சாய்ந்து நின்று பிளேன்டீ குடிப்போம். அதற்கு ஒரே ஒரு பனங்கட்டி. உங்கள் கை அழுக்கு என்று நான் பாதியைக் கடித்துவிட்டு மீதியை உங்கள் வாயில் போடுவேன். இங்கே பிள்ளை பெற்றவள் என்று முழுப் பனங்கட்டி தருகிறார்கள். முழுசு இனிக்கவில்லை, மச்சான்.

மகள் நுஸ்ரா உங்கள் மூக்கோடு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாவம், பெண் பிள்ளை.

துஆவுடன்,
உங்கள் ஸஃப்னா


மதுரங்குளி
11.02.2011

அன்பின் ஸஃப்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. இங்கு நானும் உம்மாவும் சுகம். உம்மா எல்லோருக்கும் சலாம் சொன்னார்.

மாமாவின் முழங்கால் வலி எப்படி? மாமிக்கு பிரஷர் குளிசை முடிந்திருக்கும், எடுத்துக் கொடுக்கச் சொல்லவும். சுஹைர் மச்சானின் லொறியில் கிளட்ச் சத்தம் கேட்கிறது, கவனமாக ஓட்டச் சொல்லவும். மகள் ஒழுங்காகப் பால் குடிக்கிறாளா? சளி பிடிக்காமல் பார்க்கவும். குட்டி போட இருந்த ஆடு போட்டுவிட்டதா? தாயும் குட்டியும் சுகமா?

இங்கு நானா பதியுதீனின் கராஜில் ட்ராக்டர் வேலை செய்கிறேன். வள்ளத்து என்ஜின் போல இல்லை. எழுதிப் பழக்கமில்லை, பேனை வழுக்குகிறது. எல்லோருக்கும் சலாம் கூறி நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
இனாஸ்


பள்ளிவாசல்துறை
15.02.2011

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கேட்ட சுகங்களுக்குப் பதில் எழுதுகிறேன். வாப்பாவின் முழங்கால் முன்னைப் போலத்தான். உம்மாவுக்குக் குளிசை எடுத்தாயிற்று. நானாவுக்குக் கிளட்ச் சத்தம் தாலாட்டுப் போல இருக்கிறதாம். மகள் காலில் ஒட்டிய அட்டை போலக் குடிக்கிறாள். ஆடு ரெண்டு குட்டி போட்டது. தாயும் குட்டிகளும் சுகம்.

தாய் ஆட்டின் சுகத்தைக் கேட்ட மனிதருக்கு இந்த வீட்டில் பிள்ளை பெற்ற இன்னொரு தாயும் இருப்பது ஞாபகம் வரவில்லை. நான் உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். நான் எங்கும் இல்லை.

சிரிப்பாகத்தான் எழுதத் தொடங்கினேன், மச்சான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் வைத்தே, "புள்ள எங்க?" என்று கேட்கிறார்கள். ஸஃப்னா எங்கே என்று கேட்க ஆளில்லை. நேற்று குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. "அழாத, பால் வத்திப் போகும்" என்றார் உம்மா. என்ன காரணம் என்று அவரும் கேட்கவில்லை, பாலைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நீங்களாவது கேட்பீர்கள் என்று இருந்தேன்.

மாமிக்கு என் சலாம்.

இப்படிக்கு,
ஆட்டுக்கு அடுத்தபடியாக,
ஸஃப்னா


மதுரங்குளி
19.02.2011

அன்பின் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு சுகம். உம்முடைய கடிதத்தைக் கராஜுக்குப் பின்னால் போய் நின்று வாசித்தேன். ரெண்டு தரம் வாசித்தேன். நானா கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை.

மனதில் உள்ளதை எழுத எனக்கு வரவில்லை. அதனால் ஒரு சாமானைச் சுற்றி அனுப்புகிறேன். பார்த்தால் உமக்கு விளங்கும்.

மகளுக்கு முத்தம். மாமா, மாமிக்கு சலாம்.

இப்படிக்கு,
இனாஸ்


பள்ளிவாசல்துறை
24.02.2011

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். ஒருவரைத் தவிர. அது யாரென்று கீழே எழுதுகிறேன்.

உங்கள் சாமான் வீட்டுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நானா பொட்டலத்தை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். உம்மா பிரித்துப் பார்த்தால், பாதி கடித்த பனங்கட்டி! "எலி கடிச்சதப் போய் மருமகன் சுத்தி அனுப்பி இரிக்காரே, கண் தெரியாமப் போச்சா அவருக்கு?" என்று கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டுவிட்டார். கடிதம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. வாசித்ததும், நாற்பதுக்குள் வாசற்படி தாண்டக்கூடாது என்பதை மறந்து கொல்லைக்கு ஓடினேன். ஆடு கடைசித் துண்டை மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்த ஆட்டுக்கும் எனக்கும் இனிக் கதை இல்லை. அதற்கு என்ன சுகம் என்று இனிமேல் கேட்டு எழுதாதீங்க.

ஆனால் மச்சான், அன்று முழுவதும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். எலியின் பல் எப்படி இருந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். நடுவில் இடைவெளி விட்டு ரெண்டு பெரிய பல் என்றார். உங்கள் முன்பல்லேதான்.

நாற்பதுச் சாப்பாடு மார்ச் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. கற்பிட்டியில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அன்று வந்தால் அன்றே தங்கிவிட வேண்டும். நீங்கள் வந்ததும் உம்மா நடு அறைக்குப் போய்விடுவார். உங்கள் தலையணைக்குப் புது உறை போட்டு வைத்திருக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
ஸஃப்னா


பள்ளிவாசல்துறை
10.03.2011

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தீர்கள். மகளைத் தூக்கி வைத்திருந்தீர்கள். சாப்பிட்டீர்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். கோப்பையோடு விறாந்தைக்கு வந்தால், நீங்கள் இருந்த கதிரை மட்டும் இருக்கிறது. நானாவிடம் கேட்டால், "அவசர வேலை எண்டு சொல்லிட்டுப் போறாரு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்த ட்ராக்டர் அழுதது?

வாப்பா நாலு நாளாக யாரோடும் கதைக்கவில்லை. உம்மா நடு அறைக்குப் போகவில்லை. "மருமகன் இல்லாத கட்டில்ல நான் படுத்தா என்ன?" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

என்ன பிழை நடந்தது என்று எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஸஃப்னா


பள்ளிவாசல்துறை
26.03.2011

இனாஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

நானா ஒவ்வொரு நாளும் சந்தியில் லொறியை நிறுத்துகிறார். என் கடிதம் இறங்குகிறது, உங்கள் கடிதம் ஏறுவதில்லை.

மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். முதல்முதலாகச் சிரித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினேன். அங்கே உம்மாதான் இருந்தார். அவரிடம் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தச் சிரிப்பை நான் உங்களுக்கென்றுதான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இப்படிக்கு,
நுஸ்ராவின் உம்மா


மதுரங்குளி
30.03.2011

அன்பின் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதினால் பொய். பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. மகளின் சிரிப்பைப் பற்றி வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருசம். எத்தனை சாப்பாடு நடந்தது? ஒரு நாளாவது நான் முதல் பந்தியில் இருந்திருக்கிறேனா? சுஹைர் மச்சானும் நானும்தான் சோறு நிரப்பிய பெரிய சஹன் தட்டுகளைத் தூக்குவோம். வந்த ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, கடைசிச் சஹனைச் சுற்றி மாமாவும் மச்சானும் நானும் வள்ளத்து ஆட்களுமாக ஆறு பேர் இருப்போம். சோறு ஆறிப் போயிருக்கும். இறைச்சி தேடித்தான் எடுக்க வேண்டும். மாமா தன் பக்கத்து ஈரல் துண்டை ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளிவிடுவார். அந்தச் சஹனில் கை வைக்கும்போதுதான் இது என் வீடு என்று எனக்குத் தோன்றும்.

நாற்பது அன்று நான் சஹன் தூக்கக் கை நீட்டினேன். சுஹைர் மச்சான், "நீங்க இரிங்க, நீங்க இரிங்க" என்று தோளைப் பிடித்துக் கொண்டுபோய், கற்பிட்டி ஆட்களோடு முதல் சஹனில் இருத்திவிட்டார். என் கைக்கு அவரே தண்ணீர் ஊற்றினார். பெரிய கோழித் துண்டை என் முன்னால் வைத்தார். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். பிறகு அறைத் திரையை விலக்கிப் பார்த்தேன். என் பக்கத்தில் மாமியின் தலையணை. அலுமாரிக்கு மேலே என் சேட்டுகள் ஒரு பேக்கில் கட்டி வைத்திருந்தது. விளங்கிக்கொண்டேன்.

"எங்கட குடும்பத்துல பொண்ணுட வாப்பா வந்து வாயால கூப்பிடுவாரு. கூப்பிடாம நீ போகக் கூடாது" என்று உம்மா சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு நாளும் கராஜ் வாசலைப் பார்க்கிறேன். மாமா வரவில்லை.

தொண்ணூறில் எருக்கலம்பிட்டியில் இருந்து ஊரோடு விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வாசலில் நின்று இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். உம்முடைய வாசலில் அதைக் கேட்க எனக்கு வரவில்லை, ஸஃப்னா.

மகள் எப்படிச் சிரிக்கிறாள் என்று எழுதவும்.

இப்படிக்கு,
இனாஸ்


பள்ளிவாசல்துறை
01.04.2011

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

சஹன் விசயம் என் வேலை. வேறு யாரும் செய்யவில்லை. நான்தான் நானாவிடம், "மச்சான் விடிஞ்சதுல இருந்து பஸ்ஸுல வந்திருக்காரு, மெலிஞ்சு போய் இரிக்காரு, முதல் சஹன்லயே இருத்துங்க. சோறு தூக்க விடாதீங்க" என்று சொன்னேன். நீங்கள் முதலில் சாப்பிட்டு முடித்தால், மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் நாம் ரெண்டு பேரும் கொஞ்சம் கதைக்கலாம் என்று பார்த்தேன். தேத்தண்ணியோடு நின்றது அதற்குத்தான். முந்தானையில் பனங்கட்டியும் இருந்தது. நானாவுக்கு ஒரு வேலை சொன்னால் அவர் ஒன்பது வேலையாகச் செய்வார், உங்களுக்குத் தெரியாதா? கையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி நான் சொல்லவில்லை.

பேக்கும் என் வேலைதான். மகளின் துணியெல்லாம் அலுமாரிக்குள் வந்துவிட்டது. உங்கள் சேட்டில் பால் மணம் பிடிக்கக் கூடாதென்று கட்டி மேலே வைத்தேன்.

வாப்பா ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்டேன். "சொந்த வீட்டுக்கு வர ஆரையாவது கூப்பிடுறதா? நான் போய்க் கூப்பிட்டா, இது அவருட வீடு இல்ல எண்டு நானே சொன்ன மாதிரி ஆகிடுமே" என்கிறார். நீங்கள் கோபத்தில் போய்விட்டீர்கள் என்று அவர் மனதுக்குள் உருகிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் பின்னேர பஸ் வரும் நேரத்துக்கு, "வலையைப் பாத்துட்டு வாறன்" என்று சந்திக்குப் போகிறார். சந்தியில் என்ன வலை? நீங்கள் அங்கே ஒரு வாசலைப் பார்க்க, அவர் இங்கே ஒரு பஸ்ஸைப் பார்க்க, நடுவில் நான் ஒரு மனுசி இருக்கிறேன்.

அதனால் நேற்று உம்மாவின் தலையணையை நானே தூக்கிக்கொண்டு போய் நடு அறையில் போட்டேன். "உம்மா, எனக்கு என்ட மச்சானோட இரிக்கணும்" என்று சொன்னேன். சொன்ன பிறகு காதெல்லாம் சுட்டது. உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "மருமகன்ட தலையணை ஈரிச்சுப் போய் இரிக்கும்" என்று அதை எடுத்து வெயிலில் வைத்தார்.

நுஸ்ராவுக்கு உம்மாவாக இருக்க எனக்கு நிறைய விருப்பம், மச்சான். ஆனால் அது மட்டுமாக இருக்க விருப்பமில்லை. இடம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டாம். நான் சொல்கிறேன், இடம் இருக்கிறது. உங்கள் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பகல் சோற்று நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். குறை நினைக்காதீங்க. ஈரல் துண்டு வந்த இடத்தில் வாப்பா எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். இப்போது விறாந்தையில் பேனை தேடுகிறார்.

உங்கள் ஸஃப்னா


பள்ளிவாசல்துறை
04.04.2011

அன்புள்ள மருமகன் இனாஸுக்கு, செய்னுலாப்தீன் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் யாவரும் சுகம். உங்கள் உம்மாவுக்கு எங்கள் சலாம். என் முழங்கால் பரவாயில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழைப்புக் கடிதம் அல்ல. சொந்த வீட்டுக்கு வரச் சொல்லி நான் யாரையும் அழைக்க மாட்டேன்.

சீசன் முடிகிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வள்ளத்து ஆட்களுக்குச் சோறு கொடுக்கிறோம். சுஹைருக்கு முதுகு பிடித்திருக்கிறது. சஹன் தூக்க ஆள் இல்லை. வீட்டில் வேலை இருக்கும்போது வீட்டு ஆண்பிள்ளை வேறெங்கோ ட்ராக்டருக்குக் கீழே படுத்திருப்பது சரியில்லை. முதல் பந்தியில் உங்களுக்கு இடம் கிடையாது. பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சஹனில் என் வலப்பக்கம் உங்கள் இடம். ஈரல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் உம்மாவின் வழக்கத்தையும் நான் மதிக்கிறேன். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து திரும்பும் மீன் லொறியில் நானும் இருப்பேன். கராஜ் வாசலில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிப்பேன். கூப்பிட மாட்டேன். லொறியின் முன்சீட்டில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும்.

சுஹைரைக் கண்டால் முதுகைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அவனுக்கு இன்னும் தெரியாது.

வஸ்ஸலாம்,
செய்னுலாப்தீன்


நம்முடைய அறை
19.04.2011

அன்பின் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீர் சுகமா?

வேறு யாருடைய சுகத்தையும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. பின்பக்கம் பார்க்க வேண்டாம், அங்கும் இல்லை. நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் தலை சீவும்போது உம்முடைய முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மகள் அழுதுவிட்டாள். அதனால் இதில் கேட்கிறேன். என்ன காரணம்? பால் கதை எனக்கு வேண்டாம். உம்முடைய கதையைச் சொல்லும்.

கண்டக்குழியில் ஒரு வள்ளத்து என்ஜின் பார்க்கப் போகிறேன். நீரும் மகளும் நல்ல நித்திரை, எழுப்ப மனம் வரவில்லை. அலுமாரியில் என் சேட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு சாமான். எலி கடித்தது அல்ல என்று மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆட்டையும் கட்டிவிட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் மகளைத் தான் பார்ப்பதாக மாமி சொல்கிறார். இன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும்.

மாமா தன் போனைத் திருத்தச் சொல்லித் தந்திருக்கிறார். சின்ன வேலைதான். ஆனால் அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

உம்முடைய இனாஸ்


(அதே தாளின் பின்பக்கத்தில்)

வஅலைக்கும் ஸலாம், மச்சான்.

இப்போது சுகம்.

வாடியதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன், நேரில் சொல்ல வேண்டும். உங்கள் பாதியை நீங்கள் கடித்துவிட்டீர்கள். என் பாதியை நான் இன்னும் தின்னவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். அதிலும் உங்களுக்குப் பாதி உண்டு.

பின்னேரம் தோணியடிக்கு வாங்க. கை கழுவ வேண்டாம்.

ஸஃப்னா